ஆட்டத்தில் ஓர் ஒற்றன்

மச்சான்மேல் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் அவன் தும்மினால்கூட அதில் ஏதோ சதி இருப்பதாகத்தான் தோன்றும். லிஃப்ட் மெக்கானிக்கின் நிலைமை இப்போது அதுதான்.

சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கதை விளையாட்டு நடக்கும். அவர்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவர். ஊர், காடு, கோட்டை, ஒளிந்திருக்கும் எதிரி என்று எல்லாவற்றையும் வாரம் முழுக்க உட்கார்ந்து தயார் செய்வார். பல் டாக்டரும், லாண்டரிக்காரரும், மனைவியின் தம்பியும் வீரர்களாகிப் பகடை உருட்டி, அந்த உலகத்துக்குள் வழி தேடுவார்கள். தேட வேண்டும்! அதுதானே ஆட்டம்? இந்த மச்சான் தேடுவதே இல்லை. மூன்று கதவு இருந்தால் சரியான கதவில்தான் கை வைப்பான். நெரிசலான சந்தையில், வேஷம் போட்ட இளவரசியிடமே நேராகப் போய்க் கும்பிடு போடுவான். அப்படியென்ன ஞானதிருஷ்டி! கூரியர் வண்டி ஓட்டுகிறவன். நிஜ விலாசத்தையே நாலு பேரிடம் கேட்டுத்தான் கண்டுபிடிப்பான்.

கதைக் குறிப்புகள் வைக்கும் டிராயரைப் பயல் குடைகிறான் என்று முடிவுகட்டினார். டிராயர் விளிம்பில் ஒரு நூலை ஒட்டிவைத்தார். நூல் அப்படியே இருந்தது. எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறானே, எவ்வளவு கெட்டிக்காரன்!

அவருக்கென்று இருந்தது இந்த ஆட்டம் ஒன்றுதான். தான் போட்ட புதிரில் நாலு பேர் திணறும்போதுதான் தானும் ஓர் ஆள் என்று அவருக்குத் தோன்றும். அதிலும் மண்ணள்ளிப் போட்டால் எப்படி? கையும் களவுமாகப் பிடித்து மச்சானை மேஜையிலிருந்தே எழுப்பிவிடுவது, மனைவி முகம் திருப்பினாலும் சரி என்று தீர்மானித்தார்.

அடுத்த ஆட்டத்தில் வீரர்கள் தேட வேண்டிய தொலைந்த கிரீடம் மணிக்கூண்டில் இருப்பதாகப் பொய் வரைபடம் வரைந்து டிராயரில் வைத்தார். உண்மையில் அது ஒரு கிழட்டுப் படகுக்காரனிடம் இருந்தது. அதை எங்கும் எழுதவில்லை. படகுக்காரனுக்குக் குரல் மட்டும் வேண்டியிருந்தது. வழக்கம்போல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, இருமிக் கரகரத்துப் பேசிப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. "எதிர்ல தெரியுற மணிக்கூண்டுல ஏறிப் பாக்கலாமா?" என்றார் டாக்டர்.

"அது எதுக்கு டாக்டர்? ஆத்துப் பக்கம் போவோம்" என்றான் மச்சான். "அங்க யாராவது படகுக்காரர் இருப்பாரு."

மெக்கானிக் மேஜையைத் தட்டி எழுந்தார். "படகுக்காரன் இருக்கான்னு உனக்கு யாருடா சொன்னா? நான் இன்னும் வாயே திறக்கலையே! எழுந்திரு. இனிமே உனக்கு இங்க இடமில்ல."

மச்சான் பகடையைக் கீழே வைத்தான். "சரிங்க அத்தான்" என்று எழுந்தான்.

அடுத்த அறையிலிருந்து மனைவி வந்தாள். "அவன எதுக்குத் திட்டுறீங்க? நான்தான் சொன்னேன். குளியலறையில கதை பூராவையும் ஊருக்கே கேக்குற மாதிரி இருமி இருமிப் பேசிட்டு, ரகசியமாம் ரகசியம்!"

"நீயா? ஏன்?"

"ஆரம்பத்துல நீங்க கோட்டை கட்டினா இவங்க வேற பக்கம் போய்டுவாங்க. பண்ணினது வீணாப் போச்சேன்னு சாப்பிடாம, பேசாம உம்முனு கெடப்பீங்க. பாக்கச் சகிக்கல. அதான் இவன்கிட்ட சொல்லிவிட ஆரம்பிச்சேன்."

டாக்டர் தன் நகத்தைப் பார்த்தார். லாண்டரிக்காரர் கூரையைப் பார்த்தார். ஆக, எல்லோருக்கும் தெரியும்.

"அப்போ நான் வெச்ச துப்பெல்லாம்?" என்றார் மெக்கானிக். "இளவரசி கால்ல இருந்த பட்டுச் செருப்பு? நீங்களா எதுவுமே கண்டுபிடிக்கலையா?"

லாண்டரிக்காரர் தொண்டையைச் செருமினார். "செருப்பு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அது துப்புன்னு இப்பத்தான் தெரியுது."

மச்சான் திருடனாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்று மெக்கானிக் நினைத்தார். அது எவ்வளவோ மேல். மெல்ல உட்கார்ந்தார்.

"நீயும் உக்காருடா" என்றார். "ஆட்டத்துல இப்ப எந்தப் பக்கம் போறீங்க? நீங்களே சொல்லுங்க."

"நெசமாவே நாங்களே முடிவு பண்ணலாமா அத்தான்?"

"நெசமாத்தான்."

மூவரும் முதன்முறையாகத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில், "மேற்கே போறோம்" என்றார் டாக்டர்.

மேற்கே மெக்கானிக் ஒரு மரம்கூட நட்டு வைத்திருக்கவில்லை. "மேற்கே..." என்று ஆரம்பித்தார். அடுத்து என்ன வரும் என்று அந்த மேஜையில் யாருக்குமே தெரியாது, அவரையும் சேர்த்து.