திலகவதியின் குரல்

எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், கிரண் அப்படியே பேசிவிடுவான். ஆரணி கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பது அவன் தொழில். மாப்பிள்ளையின் அப்பா குரலில் மாப்பிள்ளையையே திட்டி, எல்லோரையும் சிரிக்க வைப்பான்.

அன்று மத்தியானம் பட்டு வியாபாரி சிவப்பிரகாசம் அவனை வீட்டுக்கு வரச் சொன்னார். ஏதோ விசேஷம் என்று போனான். உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவைத் தாழிட்டார்கள். அவருடைய தம்பி பாலமுருகனும் முன்பின் தெரியாத இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

சிவப்பிரகாசத்தின் மகள் சுகன்யா, தெள்ளார் பக்கத்துத் தென்னரசைச் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போன விஷயம் ஊருக்கே தெரியும். எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

"அவ அம்மா போன்ல இருந்து பண்ணாதான் எடுப்பா. அவ அம்மாக்காரி பேச மாட்டேங்கறா, அவ குரல்ல நீ பேசு," என்றார் சிவப்பிரகாசம். "ஒடம்பு முடியல, சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வான்னு சொல்லு. அவ்ளோதான்."

"வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"அத நீ கேக்காத," என்றான் பாலமுருகன்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து அவர் மனைவி திலகவதி, "வேணாங்க, விட்ருங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். கிரண் விரும்பாமலேயே அவன் தொண்டை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பாலமுருகன் திலகவதியின் போனில் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"சுகன்யா..." என்றான் கிரண், திலகவதியின் குரலில்.

"அம்மா! எப்டிம்மா இருக்க?" அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

மண்டபத்தில் கேட்பவர்களுக்கு அது விளையாட்டு என்று தெரியும். இவள் நம்பிவிட்டாள்.

"கண்ணு, வராத," என்றான் அதே குரலில். "என் குரல்ல யாரு கூப்ட்டாலும் வராத. ஆளுங்கள வச்சிகினு காத்துகினு இருக்காங்க. ஜல்தி போலீஸ்கிட்ட..."

போன் பறந்தது. பாலமுருகனின் கைகள் அவன் கழுத்தை நெரித்தன. கண் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே திலகவதி கதவை உதைத்து, "கொல்றாங்களே!" என்று தெருவே அதிரக் கத்தினாள். அக்கம்பக்கத்தார் வந்து வாசற்கதவை இடித்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

கதவு திறந்ததும் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்த கிரண், நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தான். பின்னால் ஏதாவது பைக் வேகம் குறைத்தாலே ஏதாவது கடை ஓரமாக ஒதுங்கினான்.

சுகன்யாவும் தென்னரசும் வெளியூர்க் காவல் நிலையம் ஒன்றில் பாதுகாப்புக் கேட்டிருப்பதாக அப்போதுதான் தகவல் வந்தது என்று அங்கே சொன்னார்கள். கிரண் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பெத்த பொண்ணே ஏமாந்துதா? எங்க, பேசிக் காட்டு," என்றார், நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர்.

"மாட்டேன் சார்." வலியில் வார்த்தை திக்கியது. "அந்தம்மாவ ரூம்ல பூட்டி வச்சிருக்காங்க. மொதல்ல அங்க போங்க சார்."