பக்கத்து வீட்டு மாடி

பிரேசிலின் ரியோ நகரத்து மலைச்சேரியில் தையல்காரி ஒடெட் வீட்டுக்கு அன்று மாடித்தளம் போடுகிறார்கள். அங்கே அதற்குக் கூலி கிடையாது. தெருவே திரண்டு வந்து கலவைச் சட்டியைக் கைமாற்றும். வீட்டுக்காரி கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் ஆக்கிப் போடுவாள்.

பக்கத்து வீட்டு ஜந்திரா மட்டும் போகவில்லை. சன்னலோரம் நின்று வெந்துகொண்டிருந்தாள். தன் தகரக்கூரை ஒழுகிக் கிடக்க, இவளுக்கு மாடியா!

“தையல் மெஷினை மிதிச்சே மாடி கட்டிடுவாளாக்கும்!” என்று பல்லைக் கடித்தாள்.

முந்தின நாளே, பேர் சொல்லாமல் துப்புக் கொடுக்கும் போலீஸ் எண்ணுக்குப் பேசியிருந்தாள்: “அந்த வீட்டுல கஞ்சா விக்கிறாங்க சார்.” தளம் போடும் வேலை நின்றால் போதும் என்பதுதான் அவள் ஆசை. பாதியில் நின்ற தளம் விரிசல் விட்டு வீணாகிவிடும்.

போலீஸ் ஏறி வந்தது. ஒடெட் வீட்டைக் குடைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. சட்டி சுமந்தவர்களை வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். அதில் ஒருவனுடைய பையில் சின்னக் கஞ்சாப் பொட்டலம் ஒன்று இருந்தது. ஜந்திராவுக்கு உயிரே போய்விட்டது. அவன் எடினெய், அவள் பெற்ற மகன். கடற்கரைக்குப் போயிருக்கிறான் என்றல்லவா நினைத்திருந்தாள்!

ஸ்டேஷனில் அதிகாரியின் காலில் விழாத குறை.

“அவன் விக்கிறவன் இல்லய்யா! நான் சமைக்கிற கடற்கரை ஃபிளாட்டுல, எஜமானி மகன்கிட்ட இதைவிடப் பெரிய பொட்டலம் புடிச்சாங்க. புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே!”

“அது படிக்கிற பையன், ஏதோ ஆசைக்கு இழுத்திருப்பான். மலைச்சேரிக்காரன் பையில இருந்தா அது வியாபாரம்தான். போம்மா.”

வெளியே பெஞ்சில் உடைந்து உட்கார்ந்தவளின் தோளை ஒரு கை அணைத்தது. விரலெல்லாம் சிமெண்ட். போட்டுக்கொண்டிருந்த தளத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒடெட் ஓடி வந்திருந்தாள்.

“அழாதடி. எந்தப் பாவி போன் போட்டுச்சோ...”

ஜந்திராவால் தாங்க முடியவில்லை. “நான்தான்க்கா. உன் மாடியப் பாத்து வயிறு எரிஞ்சுது.”

ஒடெட் கையை எடுத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்றே ஜந்திரா நினைத்தாள்.

“என் முதுகு ஒடிஞ்ச காசுடி அது,” என்றாள் ஒடெட். “வயிறு எரியணும்னா உன் எஜமானியப் பாத்து எரிஞ்சிருக்கணும். அவ பிள்ளைக்குக் கெடச்ச நியாயம் நம்ம பிள்ளைக்கு ஏன் இல்லேன்னு எரிஞ்சிருக்கணும். நம்மள நாமளே காட்டிக் குடுத்துக்கிட்டா, அந்த நியாயத்த யாருடி போய்க் கேக்குறது?”

ஒடெட் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எந்திரி. மாதாகோயில் தெருவுல ஏழைங்களுக்கு வாதாடுற வக்கீலம்மா இருக்காங்க. உன் பிள்ள மொதல்ல வெளிய வரட்டும். அந்தக் கருமத்தத் தொட்டதுக்கு நானே அவன வெளுக்குறேன். அப்புறம் நீ வந்து என் தளத்துக்குச் சட்டி தூக்கு.”