வலது காதுக்குள் ஒரு கசிவு

குடிநீர் வாரியத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாம்புக்காது என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷமாக அவள் பார்த்த வேலை அப்படி. தரைக்கு அடியில் ஓடும் குழாய்களை ஒட்டுக்கேட்பது. அடுத்த வீட்டில் ஒட்டுக்கேட்டால் திட்டு கிடைக்கும், இதற்குச் சம்பளம் கிடைத்தது.

அதிகாலை ஐந்து மணிக்கு, வண்டிகள் கிளம்புவதற்கு முன்பே தெருவில் இறங்கிவிடுவாள். மார்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி, அதன் மேல்நுனியில் மரக் குமிழ். கம்பியைத் தார்ச்சாலையில் ஊன்றி, குமிழை வலது காதில் பொருத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். எங்கேயாவது குழாய் உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தால் கம்பி வழியாகச் சத்தம் ஏறி வரும். விரிசல் என்றால் மெல்லிய இரைச்சல், இணைப்பு விட்டுப்போயிருந்தால் கரகரப்பு. கேட்ட இடத்தில் மஞ்சள் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். பின்னாலேயே மேஸ்திரி ஆட்களோடு வந்து தோண்டுவார். தோண்டினால் தண்ணீர் இருக்கும். அவள் போட்ட குறிக்கு மறுபேச்சு கிடையாது.

அப்படிப்பட்டவள் குறி போட்ட இடத்தில் ஒரு நாள் ஆறடி தோண்டியும் மண் பொடிப்பொடியாக வந்தது. குழாய் புத்தம்புதிதுபோல் கிடந்தது. மேஸ்திரி நல்ல மனிதர். குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டட்டுமா என்று மட்டும் கேட்டார். அவள் மறுபடியும் கம்பியை ஊன்றிக் கேட்டாள். துப், துப், துப் என்று அச்சுப் பிசகாமல் கேட்டது. நீரேற்று நிலையத்துப் பம்பு அடிக்கிற அடிக்குத் தக்கபடி ஓட்டையில் தண்ணீர் பீறிடுகிறது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். தள்ளித் தோண்டியும் ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு செருப்புக் கடை வாசலில் அதே துப், துப். அதே வறண்ட குழி. யாரைப் புதைக்கப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். தோண்டிய ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவள் மூக்கு உடைபட்டது அன்றைக்குத்தான். அவமானத்தில் அவளுக்குக் காதுமடல்வரை சூடேறியது.

பொறியாளர் வயதில் சிறியவர், அவளை அக்கா என்றுதான் அழைப்பார். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். காதை ஒரு தடவை காட்டிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். அதுவரைக்கும் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கட்டும். மாதக் கடைசிக்குள் கடிதம் வராவிட்டால் தெருவேலைக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி மேலிடத்தில் நெருக்குகிறார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகார்ப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. முதல் மாடி ஏறும்போது அவள் காதில் துப், துப். இரண்டாவது மாடியில் அது வேகம் பிடித்தது. மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது துப்துப்துப் என்று விரட்டியது. காதில் கம்பியும் இல்லை, காலடியில் குழாயும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற குழாய் எங்கேயாவது உண்டா? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அடிக்கு அடி ஒத்துப்போனது.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. யோசித்துப் பார்த்தால் மூன்று மாதமாகவே இந்தச் சத்தம் லேசாக உள்ளே இருந்து, வரவர வளர்ந்திருக்கிறது. பகலில் தெருச் சத்தத்தில் அமுங்கிப்போயிருக்கும். குமிழைக் காதில் வைத்து அடைத்ததும் பெரிதாகிவிடும். கம்பி பிடிக்கிறவர்களுக்கு ஒரே காதுதான். பழகிய காதை விட்டு இன்னொன்றில் யாரும் வைப்பதில்லை. ஒரே ஒரு தடவை இடது காதில் வைத்துக் கேட்டிருந்தால் இரண்டு குழிகளும் மிச்சமாகியிருக்கும். தன் ரத்த ஓட்டத்தைக் கேட்டு ஊர்ச் சாலையைத் தோண்ட வைத்த ஒரே ஆள் நாமாகத்தான் இருப்போம் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் பயமும் வந்தது.

வெளியே சொன்னதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். அழுக்கு சேர்ந்திருக்கும் என்றாள் பக்கத்து மேசைக்காரி. குளிக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கும், தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதி என்றாள் எதிர்வீட்டுக்காரி. குதித்தாள். குதித்த குதியில் நெஞ்சு படபடத்து, சத்தம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். வண்டியில் எந்தப் பாகம் கடகடத்தாலும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டுகிற ரகம். வீட்டிலும் அப்படித்தான், அவள் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார். கண்டுகொள்ளாமல் இரு, தானாகப் போய்விடும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. தனக்குக் கேட்காத சத்தத்துக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

காது டாக்டரிடம் போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கேட்டதற்கெல்லாம் தூக்கினாள். பக்கத்து அறையில் யாரோ காகிதம் கசக்கியதற்கும் தூக்கி, பரிசோதிக்கிற பெண்ணைக் குழப்பிவிட்டாள். டாக்டர் வரைபடத்தைப் பார்த்து அசந்துபோனார். உள்ளே நாடி மாதிரி துடிக்கிறது என்று அவள் சொன்னதற்கு, வயதானால் காதில் சத்தம் வரத்தான் செய்யும், பழகிக்கொள்ளுங்கள் என்றார். அவளுக்கு நாற்பத்தாறு வயது. வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். இரண்டு காதும் மிக நன்றாகக் கேட்கின்றன, வேலைக்குத் தடையில்லை என்று அவராகவே ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பொறியாளர் கேட்ட கடிதம் அதுதான். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுபடி தெருவுக்குப் போகலாம். கணவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, காலையில் முதல் வேலையாகக் கொடுத்துவிடு என்றார். அவள் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். கொடுக்க மாட்டேன் என்றாள்.

"காது நல்லாக் கேக்குதுன்னுதானே எழுதியிருக்காரு? வேற என்ன வேணும் உனக்கு?"

"அதாங்க பிரச்சனையே. இல்லாததும் கேக்குது. இதக் குடுத்துட்டுப் போனா மூணாவது குழியும் நானே தோண்ட வைப்பேன்."

அதற்குமேல் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டரே ஒன்றுமில்லை என்ற பிறகு நீ என்ன பெரிய டாக்டரா என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அவளுக்கு அது வலித்தது. ஆனால் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை அவள். டாக்டருக்குக் காதைப் பற்றித் தெரியும். கசிவைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

கசிவு எங்கே என்று பிடிபடாதபோது அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அந்த வட்டாரத்து வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே கேட்பார்கள். எதை மூடும்போது சத்தம் நிற்கிறதோ, கோளாறு அந்தக் குழாயில்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் நெற்றிப்பொட்டை மெல்ல அழுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. தாடைக்குக் கீழே அழுத்தினாள், அங்கேயும் நிற்கவில்லை. காதுக்கு முன்பக்கம், பிறகு காதுமடலுக்குப் பின்னால், எலும்பு முடிகிற பள்ளத்தில் விரல் பட்டதும் சத்தம் நின்றது.

வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. விரலை எடுத்தாள், துப், துப். வைத்தாள், நின்றது. ஏழு தடவை செய்து பார்த்தாள். ஏழு தடவையும் சொன்னபடி கேட்டது. வயதுக் கோளாறை விரலால் மூடித் திறக்க முடியாது. இது குழாய்தான், உடம்புக்குள் இருக்கிற ஏதோ ஒரு குழாய். பயம் இருந்தாலும், வால்வு கிடைத்துவிட்ட தெம்பும் கூடவே இருந்தது.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். போன வாரம்தானே பார்த்தீர்கள், இனி மூன்று வாரம் கழித்துத்தான் என்றாள் சீட்டுக் கொடுக்கிற பெண். சரி, டாக்டருக்கு எப்போது முடிகிறதோ அப்போது பார்க்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு டாக்டர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை பின்வாசல் தெரிகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தாள். மத்தியானம் கணவர் வந்து சேர்ந்தார், அன்று அவருக்கு வார விடுமுறை. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார். அவள் அசையாமல் இருந்ததைப் பார்த்து, எதிர்க்கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசி நோயாளியும் போன பிறகு டாக்டர் கைப்பையோடு வெளியே வந்தார். இரண்டு நாளாக இங்கேயே இருக்கிறார்கள் என்று சீட்டுப் பெண் காதைக் கடித்தாள். அவர் பெருமூச்சு விட்டு உள்ளே அழைத்தார். போன தடவையே சொன்னேனே அம்மா என்று ஆரம்பித்தவரை அவள் முடிக்க விடவில்லை.

"டாக்டர், அன்னைக்கு என் காதுக்குள்ள சத்தத்த அனுப்பிப் பாத்தீங்க. என் காதுலேர்ந்து வர்ற சத்தத்த நீங்க கேக்கவே இல்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று கணவர் பயந்தார். டாக்டர் கோபப்படவில்லை. நர்ஸிடம் ஸ்டெதஸ்கோப் வாங்கி மாட்டிக்கொண்டார். எங்கே வைக்க வேண்டும் என்று அவள்தான் காட்டினாள். அவர் வைத்தபோது ஃபேனை நிறுத்தச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்தச் சொன்னாள். தெருவில் மேஸ்திரியின் ஆட்களிடம் சொல்கிற குரலிலேயே சொன்னாள், நர்ஸும் மறுபேச்சில்லாமல் செய்தாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் அசையவில்லை. அவள் பள்ளத்தில் விரலை வைத்து அழுத்தினாள். அவர் புருவம் ஏறியது. விரலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை அவர் கையை உயர்த்திப் போதும் என்று காட்டினார்.

"கேக்குதும்மா. எனக்கும் கேக்குது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதத்தில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார். காதுக்குப் பின்னால் ரத்தக்குழாய் ஒன்று சேரக்கூடாத இன்னொன்றோடு சேர்ந்துகொண்டிருக்கலாம். சில சமயம் அது சாதாரணம், சில சமயம் ஆபத்து. இன்றைக்கே ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். ஆபத்தாக இருந்தாலும், தெரிந்துவிட்டால் அடைக்க வழி இருக்கிறது. வேலைக்கு எப்போது போகலாம் என்று அவள் கேட்டாள். முதலில் படம் எடுப்போம் என்று சீட்டு எழுத ஆரம்பித்தார். எழுதுங்கள், இங்கேயே இருக்கிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கணவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் காட்டி, நானும் கேட்கலாமா என்று டாக்டரிடம் கேட்டார். அதை மாட்டிக்கொள்ளக்கூட அவருக்குத் தெரியவில்லை, நர்ஸ்தான் திருப்பி மாட்டிவிட்டாள். மனைவியின் காதுக்குப் பின்னால் வட்டத்தை வைத்துக் குனிந்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"இத எத்தன நாளா நீ தனியாக் கேட்டுக்கிட்டு இருக்க?"

மூன்று மாதம் என்றாள். டாக்டர் எழுதி முடித்துச் சீட்டை நீட்டினார். ஸ்கேன் அறை கீழ்த்தளத்தில், மூடுவதற்குள் போகவேண்டும். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கணவர் அவள் தோளில் கைவைத்து உட்காரவைத்தார்.

"இரு. இன்னும் கொஞ்சம் கேக்குறேன்."

அவள் தலையை அசைக்காமல், அவருக்கு வாகாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.