சுண்ணாம்புப் பொட்டு

சின்னுசாமிக்குச் சந்தேகம் பாட்டன் சொத்து. பங்காளிகளோடு கூட்டுக் கிணறு வைத்திருந்த குடும்பம். முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும் வீட்டில் பிறந்தவர், அடுத்தவன் எத்தனை சால் இறைத்தான் என்று எண்ணாமல் தூங்கமாட்டார்.

பரமத்தி வேலூரில் கொடிக்கால் வைத்து வெற்றிலை விற்கிற மனிதருக்கு ஸ்டாம்பு சேர்க்கும் கிறுக்கு ஏன் வந்தது என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. மலாய் நாட்டுத் தோட்டத்துக்குப் போன மாமன் மகன் போட்ட கடிதத்தில் ஒரு புலி பாய்ந்துகொண்டிருந்தது. அன்று பிடித்தது. ராஜா முகம் போட்டதெல்லாம் அவருக்கு வேண்டாம். றெக்கையோ வாலோ இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இதே கிறுக்கு இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது: புதுச்சத்திரத்துப் பருத்தி வியாபாரி குமாரசாமி. ஒரு கொக்கின் கழுத்தைப் பற்றி இருவரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசுவார்கள். சின்னுசாமிக்கு வேறு யாரிடம் அப்படிப் பேச வாய்க்கும்?

ஆல்பம் ஒன்றுதான், கூட்டுச் சொத்து. கிணற்றைப் போலவே அதற்கும் முறை. ஒரு மாதம் வேலூரில், மறுமாதம் புதுச்சத்திரத்தில்.

அந்த ஐப்பசியில் ஆல்பம் திரும்பி வந்தபோது, சின்னுசாமி இருவாச்சிப் பக்கத்தில் நின்றுவிட்டார். போர்னியோ தீவு ஸ்டாம்பு அது; நீலக் கட்டத்துக்குள் பெரிய மூக்கோடு கறுப்புப் பறவை. அதன் மூலை கிழிந்திருந்தது அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போதோ நாலு மூலையும் முழுசாக இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் ஆல்பத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

"ஏம் பொன்னாத்தா, கிழிஞ்ச துணிய எடுத்துக்கிட்டு ஒருத்தன் புதுத்துணி குடுத்தா என்ன அர்த்தம்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"குடுத்தவங்க நல்லவங்கன்னு அர்த்தமுங்க."

"உனக்கு ஒலகந் தெரியல."

கிழிசலில் ஏதோ இருந்திருக்கிறது, அதனால்தான் ஆள் மாற்றிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். நேரில் கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவான் என்று கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமாம். வெற்றிலைக்காரர் புத்தி வெற்றிலை வழியில்தான் போயிற்று. சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, ஈர்க்குச்சி நுனியால் தொட்டு, ஒவ்வொரு ஸ்டாம்பின் முதுகிலும் ஒரு பொட்டு வைத்தார். புலி, யானை, கொக்கு, இருவாச்சி, ஒன்றையும் விடவில்லை. இனி மாற்றினால் தெரிந்துவிடும். ஆல்பத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

கார்த்திகையில், முறை முடியும் முன்பே, குமாரசாமி ஆல்பத்தோடு நேரில் வந்தார். கொடுத்த மோரைக்கூடத் தொடவில்லை. இருவாச்சிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். நீலம் பழுத்த வெற்றிலை நிறத்துக்கு மாறியிருந்தது. புலியின் வயிற்றிலும் கொக்கின் கழுத்திலும் அதே கறை.

சின்னுசாமி முந்திக்கொண்டார். "என்ன மாப்பிள்ளை, உங்க ஊட்ல இருந்தப்பத்தான இப்படி ஆச்சு?"

குமாரசாமி ஸ்டாம்பை மெல்லத் தூக்கி அதன் முதுகைக் காட்டினார். "சுண்ணாம்புங்க மச்சான், சாயத்தத் தின்னுடுச்சு. நான் வெத்தலை போடறதில்லீங்களே."

சின்னுசாமி பக்கத்திலிருந்த சுண்ணாம்பு டப்பியை மடிக்குள் தள்ளினார். ஆனாலும் அந்தக் கேள்வி உள்ளே அரித்தது. "அந்தப் பழைய இருவாச்சி?"

"மூலை கிழிஞ்சிருந்துதுங்க. எங்கிட்ட நல்லதா ஒண்ணு இருந்துது. கூட்டு ஆல்பத்துல நல்லது இருக்கட்டும்னு மாத்தி வச்சேன். சொன்னா வேண்டாம்பீங்கன்னு சொல்லல." சட்டைப் பையிலிருந்து கிழிந்த இருவாச்சியை எடுத்து ஆல்பத்தின் மேல் வைத்தார். "சுண்ணாம்பு படாதது இது ஒண்ணுதான். வச்சுக்குங்க."

"இந்த மாசம் இன்னும் உங்க முறைதானுங்களே..."

"இனி முறை வேண்டாமுங்க. எல்லாம் உங்களுதே." அவர் குரலை உயர்த்தவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாமக்கல் பஸ்ஸுக்கு நடந்தார்.

சின்னுசாமி இருவாச்சியைக் கையில் எடுத்தார். நீலம் நீலமாகவே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரல்கள் தாமாக அதைத் திருப்பி, முதுகில் ஏதாவது இருக்கிறதா என்று தேடின. ஒன்றும் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லி ஆறுவதற்கு இருந்த ஒரே ஆளும் பஸ் ஏறிப் போய்விட்டார்.