பஸ்ஸில் விழுங்கிய மாத்திரை

மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்த மீனம்மாவின் சளியை அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகப் பரிசோதித்து, காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். மருந்தும் இலவசம். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிட்டால் நோய் இருந்த இடம் தெரியாது என்று எல்லாரும் 'மிஸி' என்று கூப்பிடும் தாதி பவானேஸ்வரி அடித்துச் சொன்னாள். இருமல் மருந்துக்கே சம்பளத்தைக் கொட்டியவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அந்த நிம்மதி இரண்டு வார மருத்துவ விடுப்போடு சரி. மாத்திரையைத் தினமும் இன்னொருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அவர் கிளினிக் தந்த அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலோ அவள் ஒற்றை ஆள். கிளினிக் திறப்பது எட்டு மணிக்கு. அவள் வேலை செய்யும் செங் ஊர்த் தொழிற்சாலையின் பஸ், அவள் குடியிருக்கும் புலாவ் செபாங்கிலிருந்து கிளம்புவது விடியற்காலை ஐந்தரைக்கு. பஸ்ஸை விட்டால் வேலை போகும், மாத்திரையை விட்டால் உயிர் போகும்.

"தினமும் உங்களப் பாக்குற ஆளு யாருமே இல்லையாக்கா?" என்றாள் பவானேஸ்வரி.

"பஸ் டிரைவர் அல்போன்ஸ் அண்ணன்தான். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா, மிஸி."

"தெரியட்டுமே. ரெண்டு வாரம் மருந்து சாப்பிட்டாச்சு, இப்ப உங்ககிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது. அவர்கிட்ட நான் பேசுறேன்."

மறுநாள் பஸ்ஸில் ஏறியவள் உட்காரவில்லை, எல்லாரையும் பார்த்து நின்றாள்.

"எனக்கு டிபி. மருந்து எடுக்குறேன், இனிமே ஒட்டாதாம். அண்ணே, நான் மாத்திரை முழுங்குறத நீங்க பாத்து சைன் பண்ணணும்."

பக்கத்து இருக்கை ராகினி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். மீனம்மாவுக்கு அழுகை முட்டியது.

அல்போன்ஸ் எஞ்சினை அணைத்தார். "மிஸி போன்ல எல்லாம் சொல்லிட்டாங்க. நீ முழுங்குற வரைக்கும் பஸ் நவுறாதுலா."

மனுஷன் சொன்னபடியே செய்தார். குமட்டுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருநாள் மீனம்மா முரண்டு பிடித்தாள். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்பது பேரும் கத்தினார்கள்: "முழுங்குக்கா, வேலைக்கு லேட்டாவுது!" அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே விழுங்கினாள். தனக்காக இத்தனை பேர் கத்துகிறார்களே என்று உள்ளுக்குள் பெருமைதான்.

ஆறாம் மாதம் கடைசிப் பரிசோதனை முடிவு வந்தது. மறுநாள் படியில் கால் வைக்கும்போதே கத்தினாள்: "போயிருச்சுண்ணே! சுத்தமா போயிருச்சு!"

அல்போன்ஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பஸ்ஸே கைதட்டியது. மீனம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

சத்தம் ஓய்ந்ததும் பின் இருக்கையிலிருந்து ராகினி எழுந்தாள். "அக்கா, எனக்கும் மூணு வாரமா இருமல் விடல. என்னையும் அந்த மிஸிகிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?"

நாற்பது பேர் காதுபடக் கேட்டாள், குரலைத் துளியும் தாழ்த்தாமல்.