பூஜ்யம் என்று சொன்ன மனிதர்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதல்ல, என் அண்ணியுடையது. அண்ணி மயக்க மருத்துவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, உங்க கதைகள்ல எல்லாம் இதய ஆபரேஷன் முடிஞ்சதும் சர்ஜன் மட்டும் கையுறையைக் கழட்டிக்கிட்டு வெளிய வர்றாரே, தலைமாட்டுல உக்காந்து மணிக்கணக்கா மூச்சைப் பாத்துக்கிட்டு இருந்தவ எங்க போனா? அவளுக்கும் சேத்து மயக்க ஊசி போட்டுட்டீங்களா?"

வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி வழியில் நின்றது. மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டேன். ரோஷம் இருக்கிறவன் அப்படித்தான் செய்வான்.

முதல் தொடக்கம்: "அரங்கின் பெரிய விளக்கு, முழுநிலவைப் போல அந்த மார்பின் மேல்..."

அடித்துவிட்டேன். அண்ணி படித்தால் நிலவோடு சேர்த்து என்னையும் அடிப்பார்.

இரண்டாம் தொடக்கம்: "வலி என்பது என்ன?"

நீங்கள் புத்தகத்தை மூடுவதற்கு முன் நானே மூடிவிட்டேன்.

மூன்றாவது: "கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு." இது பரவாயில்லை. இந்த வழியாகவே போவோம்.

2

அவரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வாழ்நாள் முழுக்க அதன்மேல் காலை வைத்தே அவர் பிழைத்தார். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது திரையில் ஒரு வண்டி வேகமாக வந்தாலும் அவருடைய வலது கால் தரையை மிதிக்கும். "இது சோபாங்க" என்று மனைவி நினைவூட்டுவார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் காரைச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தினார். மாஸ்டருக்கு முதுகெலும்பில் முறிவு. அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை கொடுத்தார்கள்.* வலி போனது, மாத்திரை போகவில்லை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை என்று எந்த மருத்துவர் கேட்டாலும் அவர் பத்து என்றார். பத்து என்றால்தான் மாத்திரை கிடைக்கும். மனைவியிடமும் பத்துதான். பிறகு ஒருவழியாக அந்தப் பள்ளத்திலிருந்து மேலே ஏறினார். ஏறும்போது வியர்வையும் வாந்தியும் நடுக்கமும் அவருக்கு, பாத்திரமும் துணியும் மனைவிக்கு. அந்த அம்மாள் அவரை மன்னித்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வரும் எந்த எண்ணையும் பிறகு நம்பவில்லை.

* மார்ஃபின், ஃபென்டனில் எல்லாம் இந்த வகைதான். இதய அறுவைக்கு இவற்றைத் தாராளமாகக் கொடுப்பதே நெடுநாள் வழக்கம், ஏனென்றால் இதயம் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும். ஆனால் கண் விழிக்கத் தாமதமாகும், மூச்சு மந்தமாகும், வயிறும் வேலைநிறுத்தம் செய்யும். அதனால் இப்போது பல இடங்களில் குறைத்துப் பார்க்கிறார்கள். (இந்தக் குறிப்பு அண்ணி சொல்லச் சொல்ல எழுதியது. "வேலைநிறுத்தம்" மட்டும் என்னுடையது.)

3

நம் கதையின் மயக்க மருத்துவர் இனிமேல்தான் வருகிறார், அவரும் ஒரு பெண்தான். (அண்ணி கவனிக்க: இது நீங்கள் இல்லை. உங்களைவிட இவர் உயரம்.)

அபின் வகையைக் குறைக்க வேண்டும் என்று, மாஸ்டர் சேர்ந்திருந்த மருத்துவமனையில் ஒற்றையாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மார்பெலும்பின் இரண்டு ஓரங்களிலும் மரத்துப்போகும் ஊசி, வேறு வகை மருந்துகள் சிறிது சிறிது, இப்படிக் கூட்டணி அமைத்தால் அபின் வகையின் பங்கு சுருங்கிவிடும் என்பது அவர் கட்சி. சர்ஜனுக்கு அது வேடிக்கை.

"நான் வெட்டிக்கிட்டு இருக்கும்போது ஆளு எழுந்து வணக்கம் சொல்லமாட்டாரே?"

"சொன்னா பதில் வணக்கம் சொல்லுங்க சார். மரியாதை முக்கியம்."

அறுவைக்கு முந்தைய நாள் மாஸ்டரின் மனைவி மயக்க மருத்துவரின் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"டாக்டர், மறுபடி அந்த மருந்து அவரு உடம்புல ஏறக்கூடாது. ஒரு சொட்டுகூட. இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல."

மருத்துவர் எப்போதும் சொல்லும் சொல் "குறைப்போம்". மறந்தும் "ஒழிப்போம்" என்று சொல்லமாட்டார். ஆனால் அன்று அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. கூடவே, சாதித்துக் காட்டலாமே என்ற சின்னப் பேராசையும்.

"ஒரு சொட்டுகூட இல்லாம முடிச்சிடலாம்மா. நான் பாத்துக்கறேன்."

[இந்த இடத்தில் அண்ணி பேனாவைப் பிடுங்கினார். "எந்த மயக்க மருத்துவரும் இப்படி வாக்குக் குடுக்கமாட்டா." "அண்ணி, கதைன்னா யாராவது ஒரு தப்பு பண்ணியே ஆகணும்." "அதுக்குத்தான் சர்ஜன் இருக்காரே?" வாக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.]

4

அறுவை நன்றாக நடந்தது. நின்ற இதயம் மறுபடி துடித்த கணத்தைப் பற்றி நான் எழுதிய ஒரு பக்கத்தை உங்கள் நலன் கருதி நீக்கிவிட்டேன்.

மாஸ்டர் சீக்கிரமே விழித்துக்கொண்டார். தொண்டைக் குழாயையும் சீக்கிரம் எடுத்தார்கள். வலி எத்தனை என்று மருத்துவர் கேட்டார்.

"பூஜ்யம்."

மருத்துவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். சர்ஜனிடம் இரண்டு தடவை சொன்னார். மறுநாள் காலையில் செவிலியர் கேட்டபோதும் பூஜ்யம். மதியம் மனைவி கேட்டபோதும் பூஜ்யம். நோயாளி விரும்பியதும் பால், வைத்தியர் சொன்னதும் பால் என்பார்களே, அப்படி எல்லோருக்கும் பிடித்த ஒரே விடையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவருக்கு உறுத்தியது. மரத்துப்போகும் ஊசியின் வேகம் அந்நேரத்துக்குக் குறைந்திருக்க வேண்டும். பிளந்து மறுபடி கட்டிய மார்பில் வலி இருந்தே தீரும். தலையணையை மாஸ்டரின் நெஞ்சோடு அணைத்துக் கொடுத்தார்.

"நல்லா இருமுங்க சார். சளி வெளிய வரணும்."

மாஸ்டர், முன்பின் தெரியாத வீட்டின் வாசலில் நின்று தொண்டையைக் கனைப்பவர் போல, "க்ஹும்" என்றார்.

"இது இருமல் இல்ல சார். இது விசாரிப்பு. பலமா."

மறுபடியும் "க்ஹும்". நெற்றியில் வியர்வை. போர்வைக்குள் வலது கால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் அதைப் பார்த்தார். மனைவியும் பார்த்தார். அந்தக் காலைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

5

இங்கே இரண்டு நாள் எழுத முடியாமல் நின்றேன். இருமாவிட்டால் சளி நுரையீரலில் தங்கும், காய்ச்சல் வரும், மறுபடி குழாய் போட வேண்டிவரும். இருமுவதற்கு வலி குறைய வேண்டும். அதற்கு அந்த மருந்தே தேவைப்பட்டால், பழைய பள்ளம் பக்கத்திலேயே இருக்கிறது.

முடிவு ஒன்று: யாருக்கும் சொல்லாமல் மருத்துவர் ஒரு துளியைக் குழாயில்... (அண்ணி: "அவளுக்கு வேலை போயிடும் தம்பி. போகவும் வேணும்.")

முடிவு இரண்டு: மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வலியை வெல்கிறார், மனைவி கண்ணீர் மல்க... இது வாசகருக்கு நான் போடும் ஊசி. உங்களுக்கு இதமாக இருக்கும், அவருக்கு நிமோனியா வரும்.

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பெண்களும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள்.

"மரத்துப்போற ஊசியைத் திரும்பப் போடறேன்மா, மத்த மருந்தையும் கூட்டறேன். அதுக்கும் அடங்கலைன்னா மட்டும் துளியூண்டு, நான் பக்கத்துலயே இருந்து, எப்ப நிறுத்தறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்கிட்டு..."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்திருக்கக்கூடாது."

"அதை இப்ப சொல்றீங்களா?"

"இந்தாங்க," என்றது கட்டில். இருவரும் திரும்பினார்கள். மாஸ்டர் மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினார். "ரெண்டு பேரும் ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கிட்டா, வண்டியை யாரு ஓட்டறது?"

மருத்துவர் வெட்கப்பட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"என் வாக்கைக் காப்பாத்தறதுக்காக நீங்க வலியை மறைக்க வேண்டாம் சார். உண்மையைச் சொன்னாத்தான் எது எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியும். எத்தனை?"

அவர் மருத்துவரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"சொன்னா நம்புவியா?"

6

மாத்திரைக்காகப் பத்து, பயத்துக்காகப் பூஜ்யம். நடுவில் உள்ள ஓர் எண்ணை அந்த மனிதர் தன் மனைவியிடம் சொல்லி வருடக்கணக்காகிறது. அன்று சொன்னார்.

என்ன எண் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் "அவ்வளவுதானா?" என்பீர்கள், அல்லது "ஐயோ, அவ்வளவா?" என்பீர்கள். அங்கே படுத்திருந்தது நீங்கள் அல்ல. பிறகு எந்த மருந்து போனது, எவ்வளவு போனது, அந்தத் துளி தேவைப்பட்டதா என்பதையும் உங்களிடமே விடுகிறேன். திட்டுவதென்றால் அண்ணியைத் திட்டுங்கள், அவர்தான் இதோடு நிறுத்தச் சொன்னார்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் விடுவதாக இல்லை. அந்த எண்ணைக் கேட்டதும் மனைவி "நெசமாவா?" என்று கேட்கவில்லை. அவர் முகத்தைத் துருவிப் பார்க்கவுமில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவர் பக்கம் திரும்பினார்.

"அவரு சொல்றது உண்மை டாக்டர். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."