இராமலிங்கம் வந்து எட்டிப் பார்த்தால்

இராமலிங்கம் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறிவிட்டான் என்று இங்கிலாந்திலிருந்து முடிவு வந்த அன்றே, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவனுக்கு வேலையும் கிடைத்துவிட்டதாகப் பேசத் தொடங்கினார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். மறுநாள் கிளார்க்குகள் போடுவதுபோல வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயில்வே கந்தோருக்குப் போய்த் தலைமைக் கிளார்க் அந்தோனிப்பிள்ளையின் முன்னால் நின்றான்.

"பாஸ் பண்ணினது நல்ல விசயம்," என்றார் அந்தோனிப்பிள்ளை. "ஆனா நாற்காலி இல்லைத் தம்பி. ஆராவது பென்ஷன் போகவேணும். இல்லாட்டி..."

மீதியைச் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த ஆண்டு பென்ஷன் போக இருந்தவர் இராமலிங்கத்தின் அப்பா. அவர் ரயில் கார்டு. கார்டு வேலைக்குக் கண் நன்றாகத் தெரியவேண்டும். இராமலிங்கத்துக்குக் கண்ணாடி இல்லாமல் அடுத்த வீடு தெரியாது. ஆகவே அவனுக்குக் கந்தோரில் எழுத்து வேலைதான். அதுவும் டிசம்பருக்குள் கிடைக்கவேண்டும். அப்பா பென்ஷன் போனதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மகன் சர்வீஸில் இருந்தால் வேறு ஒரு வீடு கிடைக்கும். இல்லாவிட்டால் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு. அக்டோபரில் தொற்றுக் காய்ச்சல் இரண்டாம் முறையாக, ஆளைக் கொல்லும் வேகத்தோடு வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வீட்டுக்கு வீடு போகாதீர்கள் என்று சுகாதாரப் பகுதியினர் சொல்லிவிட்டுப் போனார்கள். பிரிக்பீல்ட்ஸில் அது நடக்கிற காரியமில்லை. படுத்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால், அவர் எழும்பிய பிறகு முகத்தில் விழிக்க முடியாது.

முதலில் படுத்தவர் கந்தப்பு. அந்தோனிப்பிள்ளைக்கு அடுத்த கிளார்க். அம்மா மல்லித் தண்ணீர் அவித்துச் செம்பில் ஊற்றி, இராமலிங்கத்திடம் கொடுத்து அனுப்பினார். வெறுஞ்சட்டையோடு பெரியவர் வீட்டுக்குப் போவது மரியாதையில்லை என்று கோட்டையும் போடச் சொன்னார்.

கந்தப்பு கண்ணைத் திறந்தார். கோட்டைப் பார்த்தார்.

"வந்திட்டியோ? நான் இன்னும் கிடக்கிறன். கொஞ்சம் பொறு."

"சுகம் விசாரிக்க வந்தனான், அண்ணை."

"ஓமோம். கோட்டும் போட்டுக்கொண்டெல்லோ விசாரிக்கிறாய். புனிதவதி! எனக்குக் கஞ்சி கொண்டு வா. இவன்ர கண்ணுக்கு முன்னால குடிக்கிறன்."

முந்தின நாள் முழுவதும் எதையும் தொடாத மனிதர், ஒரு கிண்ணம் கஞ்சியை அவனை முறைத்துக்கொண்டே குடித்து முடித்தார். அந்த வாரத்திலேயே வேலைக்குப் போனார். இராமலிங்கம் வெட்கத்தில் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் கந்தப்புவின் மனைவி புனிதவதி கிணற்றடியில் கதையைச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு, படுத்தவர் முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்த ஆள்மேல் ஆள் வந்தது. செந்தூல் ரயில் பட்டறையில் டைம்கீப்பராக இருந்த கன்னையாவின் மனைவி பவுனம்மாள், ரிக்‌ஷாவையே கையோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"ஒரு வாட்டி வந்து தலைய காட்டிட்டுப் போப்பா. ஒண்ணும் பேச வேணாம். அந்தக் கோட்ட மட்டும் மறந்துறாத."

கன்னையா பாயில் சுருண்டு கிடந்தார். இராமலிங்கத்தைப் பார்த்ததும் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"டேய், என் வேலைக்கா வந்திருக்கே? எஞ்சினு ஊதுறது காதுல விழுற வரைக்கும் இந்தக் கன்னையா சாக மாட்டான். போய்ச் சொல்லு!"

இந்தக் காய்ச்சலில் படுத்தவர்களில் பெரும்பாலானோர் எப்படியும் எழுந்துவிடுவார்கள். ஜூலையில் வந்த முதல் காய்ச்சல் இராமலிங்கத்துக்கு லேசாக வந்து போயிருந்ததால், இரண்டாவது அவனைத் தொடவில்லை. இதையெல்லாம் அப்போது யாரும் யோசிக்கவில்லை. எழுந்தவர்களை இராமலிங்கம் பார்த்தான். எழாதவர்களின் வீட்டுக்கு அவன் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான்.

அவன் போன வீடுகளில் எல்லாம் நன்றி சொன்னார்கள். பப்பாளிப்பழம் கொடுத்தார்கள். வேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"நல்ல வேலைதான் கிடைச்சிருக்கு," என்றார் அப்பா, பழத்தை நறுக்கிக்கொண்டே. "இதுக்குக் குவார்ட்டர்ஸ் குடுப்பினமோ எண்டு கேட்டுப் பார்."

நவம்பரில் அந்தோனிப்பிள்ளை படுத்தார். அவர் மனைவி மார்க்கிரட் தானே வந்தார். எப்போதும் காலணி இல்லாமல் வெளியே வராதவர், அன்று வெறுங்காலோடு வந்து வாசலில் நின்றார்.

"பாதிரியார் வந்து கடைசிப் பூசுதல் குடுத்திட்டுப் போட்டார். இனி உன்னைத்தான் நம்பியிருக்கிறன். ஒருக்கா வா ராசா."

அவர் திரும்பிப் போனார். அந்தோனிப்பிள்ளை போய்விட்டால் கந்தப்பு அவர் இடத்துக்கு ஏறுவார். கந்தப்புவின் இடத்துக்கு இன்னொருவர். வரிசையாக எல்லாரும் ஒருபடி ஏறினால் கடைசி நாற்காலி காலியாகும். இது அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

இராமலிங்கம் கோட்டை எடுத்தான்.

"மழை வரும்போலக் கிடக்கு," என்றார் அம்மா. "நாளைக்குப் போவன்."

மழை வரும்போல இருந்தது உண்மைதான். அந்த மாதத்தில் எல்லாப் பின்னேரமும் அப்படித்தான் இருக்கும். அதற்காக அம்மா அவனை ஒருநாளும் நிறுத்தியதில்லை. மல்லித் தண்ணீரும் அடுப்பில் இல்லை.

அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பொத்தான்களைப் போட்டான். "நனைஞ்சாக் காயும்," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அந்தோனிப்பிள்ளையின் உதடுகள் கறுத்திருந்தன. மூச்சு நெஞ்சுக்குள்ளேயே சுற்றியது. மார்க்கிரட் இராமலிங்கத்தைக் கட்டிலுக்கு நேரே நிறுத்தி, விளக்கையும் தூக்கிப் பிடித்தார்.

அந்தோனிப்பிள்ளை கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை.

"இராமலிங்கமோ? வந்தது நல்லது. கடைசி நாற்காலி உனக்குத்தான். நான் துரையிட்டைச் சொல்லி வைச்சிட்டன்."

கண்ணை மூடிக்கொண்டார்.

இராமலிங்கம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்வதில் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

"ஐயா, உங்கட நாற்காலியில கந்தப்பு அண்ணை இருக்கப்போறாராம். இப்பவே மெத்தை தைக்கக் குடுத்திட்டாராம்."

அது பொய். அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, காது சிவந்துவிட்டது.

அந்தோனிப்பிள்ளையின் ஒரு கண் திறந்தது.

"ஆர்? கந்தப்புவோ?"

"ஓம் ஐயா."

"லீவு கேட்டு ஒரு கடதாசி எழுதத் தெரியாது அவனுக்கு. மெத்தையோ கேக்குது? மார்க்கிரட்! தலையணையை நிமித்து. அந்தச் சூப்பு எங்கை?"

விடியும்வரை அவர் கந்தப்புவைத் திட்டிக்கொண்டே இருந்தாராம். மூச்சு எங்கிருந்து வந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் நடுவில் அந்தோனிப்பிள்ளை, மெலிந்த உடம்பில் பழைய கோட்டு தொங்க, கந்தோருக்கு வந்தார். இராமலிங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாற்காலி இல்லைத் தம்பி."

"தெரியும் ஐயா."

"உனக்குத் தெரியாது. காய்ச்சல் காலத்தில பாதிப்பேர் படுத்துக் கிடந்தும் வேலை நடந்ததைத் துரை பார்த்திட்டார். இனிக் காலியாகிற இடத்தை மூடச் சொல்லிப் போட்டார். நான் செத்திருந்தாலும் உனக்குக் கிடைச்சிராது." பிறகு, "மெத்தைக் கதையைக் கந்தப்புவிட்டைக் கேட்டன்," என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இராமலிங்கம் இதை அப்பாவிடம் சொன்னான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மழை வரும் என்று அவர் அன்று அவனை நிறுத்தப் பார்த்ததும் வீண் என்று ஆகியிருக்கும்.

ஜனவரியில் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் பெட்டிகளை ஏற்றியபோது, வழியனுப்பப் பிளாட்பாரம் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கந்தப்பு பெரிய பெட்டியைத் தானே தூக்கி உள்ளே தள்ளினார். அந்தோனிப்பிள்ளை பக்கத்தில் நின்று, தூக்குகிற முறை சரியில்லை என்றார். மார்க்கிரட் அழுதுகொண்டிருந்தார். கன்னையா செந்தூலிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"தம்பி, கப்பல்ல எவனாச்சும் படுத்தா கொஞ்சம் தலைய காட்டு. புண்ணியமாப் போவும்," என்று சன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்னார்.

கோட்டு பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி ஊதியது. வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி ஆட்டினார்கள்.

அம்மா சன்னல் வழியாக அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எல்லாரும் நல்ல சுகமாத்தான் நிக்கினம்," என்றார்.